கர்நாடகக் கோயில்களுக்கு ஆறு நாள் பேருந்துப் பயணம்: எதை எடுப்பது, எப்படிக் கட்டுவது?

ஆத்தூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்ததும் எங்கள் தெருவிலிருந்து ஒரு சுற்றுலாப் பேருந்து கிளம்புகிறது. குக்கே சுப்ரமண்யா, தர்மஸ்தலா, உடுப்பி, கொல்லூர், முருடேஸ்வர், சிருங்கேரி, ஹொரநாடு. மொத்தம் ஆறு நாள். சேலம் மாவட்டம் ஆத்தூரில் சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலை குக்கேயில் குளியல் என்று சொல்லியிருக்கிறார்கள். சமையல் ஆட்களும் பாத்திரங்களும் கூடவே வருகின்றன.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். அம்மாவுக்குச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின். மாமியாருக்கு முழங்கால் வலி, இந்தியக் கழிப்பறையில் உட்கார முடியாது. பத்து வயது மகளுக்கு ஏற்காடு போய்த் திரும்பினாலே வாந்தி. நானும் கணவரும் சமாளித்துக்கொள்வோம்.

இத்தனை நாள் பேருந்தில் போவது எங்களுக்கு இதுதான் முதல் தடவை. ரயில் என்றால் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வேண்டும்போது இழுத்துக்கொள்ளலாம். பேருந்தில் எப்படி? ஒரே பெரிய சூட்கேஸாகக் கட்டட்டுமா, ஆளுக்கு ஒன்றாகக் கட்டட்டுமா? சுவெட்டர் வேண்டுமா? என்னென்ன மறக்கக் கூடாது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். இந்த இரண்டு பெரியவர்களும் ரொம்ப நாளாக ஆசைப்பட்ட பயணம் இது, நல்லபடியாக நடக்க வேண்டும்.

—

மலைப்பாதை ஓட்டுநர் எழுதியது:

சகோதரி, நான் ஈரோட்டுக்காரன். முதலில் கிளீனராகவும் அப்புறம் ஓட்டுநராகவும் சுற்றுலாப் பேருந்திலேயே வாழ்க்கை போனது. நீங்கள் சொல்லும் தடம் எனக்கு நன்றாகத் தெரியும். பை கட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஏற்பாட்டாளரிடம் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். பையில் ஒன்றை மறந்தால் கடையில் வாங்கிவிடலாம், இவற்றை வழியில் வாங்க முடியாது.

ஒன்று, இரண்டாவது ஓட்டுநர் உண்டா? சாயங்காலம் ஆத்தூரில் எடுக்கிற வண்டி கிருஷ்ணகிரி, பெங்களூரு, ஹாசன் தாண்டி சக்லேஷ்பூரைத் தொடும்போது விடியற்காலை ஆகிவிடும். அங்கிருந்துதான் சிராடி மலைப்பாதை இறங்குகிறது. மனிதனுக்குத் தூக்கம் மிகவும் அழுத்துகிற நேரமும் அதுதான். இரவெல்லாம் ஓட்டிய ஒரே ஆள் அந்த இறக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று அதிலேயே சொல்லியிருந்தது. “எங்கள் டிரைவர் எவ்வளவு தூரமானாலும் தனியாக ஓட்டுவார்” என்று பெருமையாகச் சொன்னால் அதை நம்பி ஏறாதீர்கள். இரண்டு பேர் இருக்கிறார்களா, ஓய்வில் இருப்பவர் படுக்க இடம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கேட்கிற பயணிகள் இருந்தால்தான் எங்களுக்கும் தூக்கம் கிடைக்கும்.

இரண்டு, சமையல் ஆட்கள் எரிவாயு சிலிண்டரை எங்கே வைக்கப் போகிறார்கள்? பயணிகள் இருக்கும் பேருந்தின் டிக்கியில் சிலிண்டர் வருவதாக இருந்தால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்தது நினைவிருக்கும். உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த யாத்ரீகர்கள் விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரில் தேநீர் போட்டபோது பிடித்த தீ. ஒன்பது பேர் இறந்தார்கள். சமையலை மண்டபத்திலோ சத்திரத்திலோ அங்கே இருக்கும் அடுப்பில் வைத்துக்கொள்ளலாம். இந்தத் தடத்தில் தர்மஸ்தலா, ஹொரநாடு மாதிரி அன்னதானம் நடக்கும் கோயில்களே பல இருக்கின்றன, எல்லா வேளைக்கும் சமைத்தாக வேண்டும் என்றில்லை.

சரி, இப்போது பை.

பேருந்தில் மூன்று இடம் உண்டு. டிக்கி, கால் பக்கம், உங்கள் உடம்பு. தலைக்கு மேல் இருக்கும் ரேக்கை நான் இடமாகவே கணக்கில் எடுப்பதில்லை. போர்வை, தலையணை, தொப்பி போன்ற மெத்தென்ற பொருள்களை மட்டும் அங்கே வையுங்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது தண்ணீர் பாட்டிலோ டிபன் கேரியரோ மேலிருந்து விழுந்தால் கீழே இருப்பவர் மண்டை உடையும்.

டிக்கியை ஆத்தூரில் மூடினால் குக்கேயில்தான் திறப்போம். நடுவில் தேநீருக்கு நிறுத்தும்போது “அந்த நீலப் பையை மட்டும் எடுத்துக் கொடுங்கள்” என்றால், அது அடியில் இருக்கும். நாற்பது பேர் சாமானை இறக்கி ஏற்ற வேண்டும். ஒரு பாட்டிக்கு ரத்த அழுத்த மாத்திரை டிக்கியில் மாட்டிக்கொண்டு, ராத்திரி பதினொரு மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் டார்ச் வெளிச்சத்தில் எல்லாப் பையையும் இறக்கியிருக்கிறோம். அந்த அம்மா அழுதுவிட்டார். அதனால் ராத்திரிக்கும் மறுநாள் காலைக் குளியலுக்கும் வேண்டியது எதுவும் டிக்கிக்குப் போகக் கூடாது.

ஒரே பெரிய சூட்கேஸ் வேண்டாம். அறை ஒரு தெருவிலும் வண்டி நிறுத்துமிடம் வேறொரு தெருவிலும் இருக்கும். அதை யார் தூக்குவது? சக்கரம் வைத்த கடினப் பெட்டிகள் டிக்கிக்குள் வளைவுக்கு வளைவு உருண்டு ஒன்றையொன்று இடிக்கும். ஆளுக்கு ஒரு துணிப் பை, ஒரு கையால் தூக்கக்கூடிய கனம், அவ்வளவுதான். ஐந்து பைக்கும் ஒரே பழைய புடவைக் கரையைக் கிழித்துக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். பின்னிரவில் உங்கள் பைகளை எடுத்துக்கொடுக்கக் கிளீனர் தம்பிக்கு அது போதும். துணியைப் பைக்குள் ஒரு பெரிய பாலிதீன் உறையில் போட்டுக் கட்டுங்கள். டிக்கிக்குள் புழுதி ஏறும், பக்கத்து வீட்டார் எண்ணெய் பாட்டில் கொட்டும். எண்ணெய், ஊறுகாய், நெய் எல்லாம் அங்கே வேண்டவே வேண்டாம்.

கால் பக்கப் பையில் என்ன இருக்க வேண்டும் என்றால், குக்கே குளியலுக்கான ஒரு செட் துணி, துண்டு, போர்வை, மருந்து, தண்ணீர், கொறிக்க ஏதாவது, வாந்தி உறை, ஈரத் துணி போட இரண்டு பெரிய உறை. துண்டு விஷயத்தில் நான் பிடிவாதமாகச் சொல்வேன்: பூத்துண்டு எடுக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து ஈரிழைத் துண்டு ஆளுக்கு இரண்டு போதும். மடித்தால் கையளவு, ஜன்னல் கம்பியில் போட்டால் கொஞ்ச நேரத்தில் காயும். ஆற்றுக் குளியல் பயணத்தில் பெரிய தொல்லை ஈரம்தான். குக்கேயில் குமாரதாரா ஆற்றில் முதல் நாள் நனைந்த துணி இரண்டாம் நாள் நாற ஆரம்பித்தால் வண்டி முழுவதும் அந்த வாடைதான். கொஞ்சம் நைலான் கயிறும் பத்துக் கிளிப்பும் எடுங்கள், அறைக்குப் போனதும் முதல் வேலையாகக் கட்டிக் காயப்போடுங்கள். ஆற்றில் இறங்க அடர்நிறப் பருத்திப் புடவையைவிட மெல்லிய சுடிதார் சீக்கிரம் காயும், நனைந்தாலும் கனக்காது.

உடம்போடு இருக்க வேண்டியவை பணம், ஆதார், போன், அன்றைய மாத்திரை. அறை கொடுக்க அடையாள அட்டை கேட்பார்கள், எல்லோருடையதும் வேண்டும். பத்து, இருபது ரூபாய்த் தாளாக நிறைய வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது, கழிப்பறை வாசலில் நின்று போனில் பணம் அனுப்ப முயன்றுகொண்டிருக்க முடியாது. பேருந்து எண், ஏற்பாட்டாளர் எண், உங்கள் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பெரியவர்களின் சுருக்குப்பையிலும் மகள் சட்டைப் பையிலும் வைத்துவிடுங்கள். கோயில் கூட்டத்தில் பிரிந்தவர்கள் போன் பேட்டரியும் தீர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள் இருந்தால் யாராவது ஒருவர் அழைத்துச் சொல்லிவிடுவார். நகை வேண்டாம்.

மகளுக்கு: பின் சீட்டு கூடாது, சக்கரத்துக்கு மேல் வரும் சீட்டும் கூடாது. முன்பக்கம் மூன்று, நான்காம் வரிசை கேளுங்கள், பணம் கட்டும்போதே கேளுங்கள். ஏறிய பிறகு கேட்டால் சண்டைதான் வரும். சக்லேஷ்பூரிலிருந்து போனைக் கையில் கொடுக்காதீர்கள். குனிந்து படம் பார்க்கும் பிள்ளைதான் முதலில் வாந்தி எடுக்கும். நேரே சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது, இரண்டு இட்லி போதும். காய்ந்த நார்த்தங்காய், இஞ்சி மரப்பா இரண்டும் கைப்பக்கத்தில் இருக்கட்டும். இன்னொன்று, ஏசி வண்டியில் கண்ணாடி மூடியிருக்கும்போது பெண்கள் தலை நிறைய மல்லிகை வைத்து ஏறினால், மலை ஏறும்போது அந்த வாசனையே பாதிப் பேரைப் புரட்டிவிடும். கோயிலில் இறங்கும்போது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவழியில், அதாவது சீட்டுகளுக்கு நடுவில் உள்ள நடைபாதையில், எந்தப் பையும் வைக்கக் கூடாது. அவசரக் கதவுக்கு முன்னால் அரிசி மூட்டையை அடுக்குவார்கள். அதைப் பார்த்தால் சும்மா இருக்காதீர்கள், எடுக்கச் சொல்லுங்கள். ஏறியதும் கண்ணாடி உடைக்கும் சுத்தியல் எங்கே இருக்கிறது என்று மகளுக்கும் காட்டிவையுங்கள்.

—

பகல்நேர நர்ஸ் எழுதியது:

அக்கா, அம்மாவின் இன்சுலினைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓட்டுநர் அண்ணன் சொன்னபடி டிக்கி கூடவே கூடாது. மதியம் நிறுத்தி வைத்த பேருந்துக்குள்ளும் விட்டுவிட்டு இறங்க வேண்டாம், கண்ணாடி மூடிய வண்டி சூடேறிவிடும்.

திறக்காத இன்சுலின் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்து உபயோகத்தில் இருப்பதைப் பொதுவாக 4 வாரம் வரை 30 டிகிரிக்குக் கீழ் வெளியே வைக்கலாம். உங்களுடைய மருந்தின் தாளில் போட்டிருப்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு நாளுக்குத் திறந்த ஒன்றும் கூடுதலாக ஒன்றும் போதும். வாயகன்ற பிளாஸ்கைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி ஊற்றிவிட்டு, மருந்தைச் சின்ன உறையில் போட்டு உள்ளே வையுங்கள். ஐஸ்கட்டி மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலின் வேலை செய்யாது. ஊசிகளையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் மருத்துவர் சீட்டின் நகலையும் அதே பையில் வைத்து, பாதி மருந்தை உங்கள் பையிலும் பாதியை உங்கள் கணவர் பையிலும் பிரித்துவிடுங்கள். ஒரு பை தொலைந்தாலும் மருந்து இருக்கும்.

பயணத்தில் பெரிய ஆபத்து சர்க்கரை ஏறுவதில்லை, இறங்குவதுதான். “இன்னும் பத்து நிமிஷத்தில் சாப்பாடு” என்று சொன்னதும் வழக்கமான நேரத்துக்கு ஊசி போட்டுவிடுவார்கள். பந்தி ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். சாப்பாடு உறுதியாகக் கையில் கிடைக்கும் என்று தெரிந்த பிறகே போடுவது பற்றிக் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வேர்ப்பது, கை நடுங்குவது, பேச்சுக் குழறுவது, காரணமில்லாமல் கோபம் வருவது இதெல்லாம் அறிகுறி. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை நீங்கள் மட்டும் தெரிந்து வைத்தால் போதாது, பக்கத்துச் சீட்டுக்காரருக்கும் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன். நம் பெண்கள் பேருந்து என்றாலே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கழிப்பறைக்குப் பயந்துதான். ஊர் திரும்பியதும் சிறுநீரில் எரிச்சல், காய்ச்சல் என்று எங்களிடம் வருகிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தத் தொற்று சீக்கிரம் பிடிக்கும். தண்ணீரைக் குறைக்க வேண்டாம், வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். மாமியார் ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால், பயண நாள்களில் எந்த நேரத்தில் போடுவது என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

மகளுக்கு வாந்தி மாத்திரை வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் எழுதி வாங்குங்கள். மலை ஏற ஆரம்பித்த பிறகு கொடுத்தால் பிரயோஜனம் இல்லை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னாலேயே கொடுக்க வேண்டும். தூக்கம் வரும், அது பரவாயில்லை.

—

உடுப்பிவாசி எழுதியது:

வேலைக்காக உடுப்பிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழன் நான். உடை பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். குக்கே, தர்மஸ்தலா, உடுப்பி, ஹொரநாடு கோயில்களில் ஆண்கள் சட்டை, பனியனைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் உங்கள் கணவருக்கு நான்கு வேட்டி, ஒரு அங்கவஸ்திரம், சுலபமாகக் கழற்றி மாட்டும் அரைக்கைச் சட்டை. ஜீன்ஸ் ஒன்று வந்தாலும் பையில்தான் தூங்கும். ஒட்டு வைத்த வேட்டி நல்லது, அவசரத்தில் கட்டிக்கொள்ளலாம்.

நீங்கள் போகும் ஊர்களில் இரண்டு விதமான தட்பவெப்பம். உடுப்பி, முருடேஸ்வர் கடலோரம், ஜனவரியிலும் பகலில் வேர்த்துக் கொட்டும். சிருங்கேரியும் ஹொரநாடும் மலைக்குள், காலையில் குளிரும், பனி மூடும். பெரியவர்களுக்கு சுவெட்டர், குரங்குக் குல்லா, காலுறை கட்டாயம். உங்களுக்குச் சால்வை போதும்.

கிளம்பும் தேதி என்ன? இரட்டைப்படை ஆண்டுகளில் ஜனவரி 18ஆம் தேதி உடுப்பியில் பர்யாயம். எட்டு மடங்களுக்குள் கிருஷ்ணர் பூஜைப் பொறுப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கைமாறும் விழா. அழகான விழா, ஆனால் ஊரே ஜனம். அந்த நாளையொட்டி வந்தால் அறை கிடைப்பது கஷ்டம், முழங்கால் வலிக்காரரோடு தேர்வீதிக்குள் நடப்பது அதைவிடக் கஷ்டம். ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். மற்ற நாள்களில் கவலையில்லை. இங்கே கிருஷ்ணரை ஒன்பது துளை உள்ள வெள்ளிச் சாளரம் வழியாகத்தான் பார்க்க வேண்டும், வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். அம்மாக்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் சாளரம் எது என்று தேடும்போதே நகர்த்திவிடுவார்கள்.

முருடேஸ்வரில் 20 அடுக்குக் கோபுரத்தில் மின்தூக்கி இருக்கிறது. மாமியாரை விட்டுவிடாதீர்கள், மேலே கூட்டிப் போங்கள். 123 அடி சிவன் சிலையும் மூன்று பக்கமும் கடலும் அங்கிருந்து தெரியும்.

தங்கும் அறையில் மேற்கத்தியக் கழிப்பறை இருக்கிறதா என்று ஏழு ஊருக்கும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். மொத்தமாகக் கேட்டால் “எல்லாம் இருக்கிறது” என்பார்கள்.

—

ஆத்தூர்க்காரி எழுதியது:

இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தேதி ஜனவரி 16 என்று போட்டிருந்தார்கள், பர்யாயம் பற்றி இன்றே ஏற்பாட்டாளரிடம் பேசினேன். 25ஆம் தேதிக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். சிலிண்டர் பற்றிக் கேட்டதும் முதலில் முகம் சுளித்தார், அப்புறம் மண்டபத்திலேயே சமைத்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார். இரண்டாவது ஓட்டுநருக்கு ஆளுக்கு இருநூறு ரூபாய் கூடும் என்றார். கொடுத்துவிடுகிறோம் என்று பக்கத்து வீட்டாரும் சொல்லிவிட்டார்கள்.

ஓட்டுநர் அண்ணா, மாமியார் வண்டியில் ஏறி இறங்குவது எப்படி? முதல் படி ரொம்ப உயரமாக இருக்கிறதே. வழியில் கழிப்பறைக்கும் என்ன செய்வது?

—

மலைப்பாதை ஓட்டுநர் எழுதியது:

இருநூறு ரூபாய்க்கு அதைவிட நல்ல செலவு இந்தப் பயணத்தில் இல்லை, சகோதரி. படித்தபோது மனசு நிறைந்தது.

படிக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் முக்காலி வாங்குங்கள், கனமானதாக, கால் அகலமானதாக. மேல்பக்கம் வழுக்காமல் இருக்கப் பழைய மிதியடித் துண்டைக் கட்டிவிடுங்கள். அதைக் கிளீனரிடம் கொடுத்துக் கதவுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் இறக்க வேண்டும். முதல் நாள் கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக இறங்கட்டும், அவசரமில்லை. கதவுக்கு நேர் பின்னால் இருக்கும் முதல் சீட்டு ஏற இறங்க வசதி, ஆனால் பல வண்டிகளில் அங்கே கால் நீட்ட இடம் குறைவு. வண்டியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நடைபாதையை ஒட்டிய சீட்டாக இருந்தால் அந்தப் பக்கம் காலை நீட்டிக்கொள்ளலாம். நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் நடக்க வையுங்கள், இல்லையென்றால் கால் வீங்கும்.

கழிப்பறைக்கு மடக்குகிற கமோடு ஸ்டூல் கிடைக்கிறது. இந்தியக் கழிப்பறைக்கு மேல் விரித்துப் போட்டுக்கொள்ளலாம். அதை டிக்கியில் கடைசியாக, கதவை ஒட்டினாற்போல் வைக்கச் சொல்லுங்கள், சாமானை இறக்காமல் எடுக்கலாம். ஒரு சின்ன சொம்பு, சோப்பு, டார்ச் மூன்றும் ஒரே உறையில். பெங்களூரு தாண்டிய பிறகு ஹாசன் வரை பெரிய பெட்ரோல் பங்குகள் இருக்கின்றன, சுத்தமாக இருப்பவை எவை என்று அந்தத் தடத்தில் ஓடும் ஓட்டுநர்களுக்குத் தெரியும். மலை இறங்க ஆரம்பித்துவிட்டால் நிறுத்த இடம் கிடைக்காது. அதனால் சக்லேஷ்பூரில் ஒருமுறை நிறுத்துங்கள் என்று ஏறும்போதே ஓட்டுநர் இருவரிடமும் சொல்லிவிடுங்கள். தூங்கிக்கொண்டிருந்தாலும் அம்மாக்களை அங்கே எழுப்பிக் கூட்டிப்போய் வாருங்கள்.